ஒரு திட்டு, நாலு கதை: விக்னெட் எழுதுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கேள்வி: வணக்கம் மேடம். தேவகோட்டை பக்கத்துல ஒரு ஊரு, காரைக்குடில மேனேஜ்மென்ட்ல பிஎச்டி ரெண்டாவது வருஷம். வேலை பாக்குற இடத்துல சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டுறதுக்கும் தனியா கூப்பிட்டு திட்டுறதுக்கும், காரணம் சொல்லி திட்டுறதுக்கும் சொல்லாம திட்டுறதுக்கும் என்ன வித்தியாசம், அப்பறம் அந்த ஆளு வேலைல ஏதாவது கோளாறு பாத்தா வாயத் தொறந்து சொல்வாரா மாட்டாரா, இதான் டாபிக். விக்னெட் எக்ஸ்பெரிமென்ட் (ஒரு கற்பனைச் சம்பவத்த சின்னக் கதையா குடுத்து, அதுல ஒண்ணு ரெண்ட மட்டும் மாத்தி, ஆளுக சொல்ற பதில ஒப்பிடுறது) பண்ணலாம்னு கதை எழுதி இதோட வச்சிருக்கேன். திட்டு வாங்குறது ஆணா பொண்ணாங்கறதையும் மாத்துனா எட்டு வெர்ஷன் வருது. ஆத்தங்குடி கல்லு (தரைல பதிக்கிற டைல்ஸ்) பட்டறை, ஜவுளிக்கடை, ஹெரிட்டேஜ் ஹோட்டல் மூணுலயும் சேத்து 120 பேரு. கைடு "இதெல்லாம் கற்பனைக் கதை, நிஜத்துல ஆளுக வேற மாதிரி நடப்பாங்க, பேசாம கொஸ்டினேர் குடுத்து முடி"ங்கறாரு. ஒருத்தருக்கு ஒரு கதையா, எட்டு கதையுமா? கூகுள் ஃபார்ம் போதுமா? மேனிபுலேஷன் செக்ல (கதைல நாம மாத்துனத கவனிச்சாங்களான்னு பாக்குற கேள்வில) தப்பா சொல்றவங்கள தூக்கிடலாமா? கொஞ்சம் சொல்லுங்க மேடம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு, உங்க கதைய ரெண்டு மூணு தடவ படிச்சேன், டாபிக் ரொம்ப நல்ல டாபிக், நம்ம பக்கத்துல யாராவது இத ஒழுங்கா பண்ணனும்னு எனக்கு நெஜமாவே ஆசை, ஏன்னா இங்க "திட்டுனாத்தான் தொழில் படியும்"னு நம்புற முதலாளிகளும் இருக்காங்க, ஒரு வார்த்தைக்காக மறுநாளே வேலைய விட்டு திருப்பூருக்கு பஸ் ஏறுற பசங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு அளந்து பாத்து சொல்ல ஆளு இல்ல. அதனால ஸ்டாடிஸ்டிக்ஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி உங்க கதைய பத்தியே நெறைய பேசப்போறேன். விக்னெட் ஆராய்ச்சில கதைதான் உங்க கருவி, அது சரியா இல்லன்னா 120 பேரு என்ன, 1200 பேர்ட்ட கேட்டாலும் ஒண்ணும் வெளங்காது.

மொதல்ல உங்க தனியா கூப்பிட்டு திட்டுற வெர்ஷன். செல்விங்கற பொண்ணு ஹெரிட்டேஜ் ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங், மேனேஜர் ராஜசேகரன் அவள "தன் ரூமுக்கு வரச்சொல்லி கதவ சாத்திட்டு" திட்டுறாருன்னு எழுதியிருக்கீங்க. இத நம்ம ஊர்ல ஒரு இருபது பொண்ணுங்கள்ட்ட படிக்க குடுங்க, கதவு சாத்துன அந்த எடத்துலயே அவங்க மனசு வேற பக்கம் போயிடும், திட்டு பத்தி யாரும் யோசிக்க மாட்டாங்க, அந்த ஆளு எதுக்கு கதவ சாத்துனான்னுதான் யோசிப்பாங்க. நீங்க மாத்த நெனச்சது மரியாதை, அவங்க மனசுல மாறுனது பாதுகாப்பு. அப்ப எல்லார் முன்னாடியும் திட்டுனதே மேல்னு ரிசல்ட் வந்தா அத வச்சு நீங்க என்ன எழுதுவீங்க? தமிழ்நாட்டு வேலைக்காரங்க பப்ளிக்கா திட்டு வாங்குறத பெருசா எடுத்துக்கறதில்லன்னு எழுதுனா அது முழுக்க தப்பான முடிவு. 

இந்த மாதிரி, ஒண்ண மாத்துனா படிக்கிறவங்க மனசுல கூடவே இன்னொண்ணும் மாறிப்போறத பத்தி டஃபோ, ஜாங், காகி மூணு பேரும் 2018ல தெளிவா எழுதியிருக்காங்க. கதைல நீங்க சொல்லாம விட்டத படிக்கிறவங்க அவங்களாவே நெரப்பிக்குவாங்க, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் வேற வேற மாதிரி நெரப்புவாங்க, அதான் பிரச்சனை. உதாரணமா தனியா கூப்பிட்டு சொன்னாருன்னா மேனேஜர் பொதுவாவே நல்ல மனுஷன் போலன்னு நெனப்பாங்க, தப்பு சின்னதா இருக்கும்னு நெனப்பாங்க, செல்வி ரொம்ப நாளா அங்க இருக்கறவன்னு கூட நெனப்பாங்க. அதனால எதெல்லாம் தானா மாற வாய்ப்பிருக்கோ அதையெல்லாம் நீங்களே கதைக்குள்ள சொல்லி எல்லா வெர்ஷன்லயும் ஒரே மாதிரி கட்டிப்போட்டுறணும்: எத்தன வருஷமா வேலை பாக்குறாங்க, தப்பு என்ன, அதனால என்ன நஷ்டம், இதுக்கு முன்னாடி அந்த மேனேஜர் எப்படி இருந்தாரு.

சரி, கதவு விஷயத்துக்கு என்ன பண்ணலாம்? திட்டுறவங்களையும் திட்டு வாங்குறவங்களையும் ஒரே பாலினமா வச்சிருங்க, பொண்ணு கதைன்னா சூப்பர்வைசரும் பொண்ணு. ரூம், கதவு எதுவும் வேணாம். செட்டிநாட்டு வீட்ட ஹோட்டலா மாத்துன எடங்கள்ல உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அந்த வீட்டு அமைப்பே எல்லாருக்கும் தெரியும். வளவுல (வீட்டுக்கு நடுவுல இருக்கற முற்றத்துல) மத்த ஆளுங்க நிக்கும்போது சொன்னாங்க, இல்லன்னா எல்லாரும் சாப்பிட போனப்பறம் அதே வளவுல சொன்னாங்க. எடம் ஒண்ணு, நேரம் கிட்டத்தட்ட ஒண்ணு, கூட யார் இருந்தாங்கங்கறது மட்டும் மாறுது. இவ்வளவுதான் மாறணும்.

"எல்லார் முன்னாடியும்"னு நீங்க எழுதுனதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. யாரு அந்த எல்லாரும்? கூட வேலை பாக்குறவங்களா, தங்க வந்த கெஸ்ட்டா? கெஸ்ட் முன்னாடி திட்டுனா அது ஹோட்டல் பேருக்கும் கேடு, அப்ப படிக்கிறவங்க மேனேஜருக்கு தொழில் தெரியலன்னு நெனப்பாங்க. கூட்டாளிக முன்னாடி திட்டுனா அது செல்விக்கு தலகுனிவு. ரெண்டும் வேற வேற. உங்க டாபிக்குக்கு கூட்டாளிகதான் பொருந்தும், கெஸ்ட்ட கதைக்குள்ளயே கொண்டுவராதீங்க.

இந்த வளவு யோசனைய சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லிடறேன், ஆத்தங்குடி பட்டறைய தயவுசெஞ்சு விட்டுருங்க. உங்களுக்கு ஆசையா இருக்கும், எனக்கும் அந்த வேலை மேல ரொம்ப மரியாதை, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டு, அப்பறம் தண்ணில ஊறப்போட்டு எடுக்குற அந்த கைவேலைய பாத்துட்டே நிக்கலாம். ஆனா அது தெறந்த கொட்டாய், பக்கத்து பக்கத்துல ஆளுக ஒக்காந்திருப்பாங்க, அங்க தனியா கூப்பிட்டு திட்டுறதுங்கறதுக்கு எடமே கெடையாது. பல எடத்துல சொந்தக்காரங்களே சேந்து வேலை பாப்பாங்க, திட்டுறது மாமா, திட்டு வாங்குறது மருமகன். நடக்கவே நடக்காத ஒரு காட்சிய குடுத்து இதுல நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா அவங்க மரியாதைக்கு ஏதோ ஒரு நம்பர டிக் அடிச்சு குடுப்பாங்க. அகினிஸும் பிராட்லியும் 2014ல விக்னெட் ஆராய்ச்சி எப்படி பண்ணனும்னு எழுதுன கட்டுரைல கதை எந்த அளவுக்கு நெஜ சூழ்நிலைக்கு பக்கத்துல இருக்கணும்கறத அழுத்தி சொல்லியிருப்பாங்க, அத மொத வேலையா படிங்க. பட்டறைய தனியா இன்டர்வியூ வச்சு இன்னொரு பேப்பரா பண்ணலாம், அது வேற நல்ல வேலை.

ஜவுளிக்கடை கதைலயும் ஒண்ணு கவனிங்க. சேல்ஸ்ல நிக்கிற பொண்ணு ஸ்டூல்ல ஒக்காந்ததுக்காக திட்டு வாங்குறான்னு எழுதியிருக்கீங்க. கடைல வேலை பாக்குறவங்களுக்கு ஒக்கார வசதி குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டமே திருத்தியாச்சு, அது தெரிஞ்சவங்களுக்கு இங்க தப்பு முதலாளி பக்கம், தெரியாதவங்களுக்கு பொண்ணு பக்கம். நீங்க அளக்க வந்தது திட்டுன விதத்த, ஆனா பாதிப்பேரு திட்டுனதே நியாயமா இல்லையான்னு பதில் சொல்லிட்டு இருப்பாங்க. அதனால தப்பு யார் பாத்தாலும் தப்புதான்னு ஒத்துக்கற மாதிரி, அதே சமயம் பெரிய பாவமும் இல்லாத ஒண்ணா இருக்கணும். பில்லுல சேலை கோட் மாத்தி போட்டது, கெஸ்ட் சொன்ன நேரத்துக்கு ரூம் ரெடி பண்ணாதது, இப்படி.

அடுத்து காரணம் சொல்றது. காரணம் சொல்ற வெர்ஷன் ஆறு வரி, சொல்லாத வெர்ஷன் மூணு வரின்னு வச்சிருக்கீங்க. நீளமே வித்தியாசமாகிருது பாருங்க, ஆறு வரி பேசுற மேனேஜர் கொஞ்சம் நிதானமானவரா தெரிவாரு. சொல்லாத வெர்ஷன்ல அதே அளவுக்கு விஷயத்துக்கு சம்பந்தமில்லாத மூணு வரி போடுங்க, நாளைக்கு ஷிஃப்ட் எத்தன மணிக்குன்னு சொன்னாரு, ஸ்டாக் நோட்டு எங்க இருக்குன்னு கேட்டாருன்னு. அப்பறம் காரணம்னா எது காரணம்? "நேரத்துக்கு ரூம் ரெடியாகலன்னா வந்தவங்க மறுபடி வர மாட்டாங்க" இது விளக்கம். "எனக்கு மேல இருக்கறவர் என்ன திட்டுறாரு" இது புலம்பல். உங்க கதைல ரெண்டும் கலந்து கெடக்கு. ஒண்ண மட்டும் எடுங்க.

நீங்க மாத்துற ரெண்டு விஷயத்துக்கும் ஏற்கனவே தியரி இருக்கு, அத சொன்னா கைடுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வரும். பைஸும் மோக்கும் 1986ல, முடிவு நியாயமா இருக்கறது மட்டும் போதாது, அத சொல்ற விதத்துலயும் ஆளுக நியாயம் பாக்குறாங்கன்னு எழுதுனாங்க. கால்க்விட் 2001ல அத ரெண்டா பிரிச்சு அளந்து காட்டுனாரு, ஒண்ணு மரியாதையா நடத்துறது, இன்னொண்ணு வெளக்கம் குடுக்கறது. உங்க பப்ளிக்கா தனியாவாங்கறது மொத வகை, காரணமா இல்லையாங்கறது ரெண்டாவது வகை, அச்சா பொருந்துது. வாய் தொறந்து சொல்றதுக்கு வேன் டைனும் லபைனும் 1998ல போட்ட ஆறு கேள்வி ஸ்கேல் இருக்கு. டெட்டர்ட், எட்மண்ட்சன் 2011ல எழுதுனதையும் பாருங்க, ஆளுக ஏன் வாய மூடிக்கிறாங்கன்னா "மேல இருக்கறவர மத்தவங்க முன்னாடி சங்கடப்படுத்தக்கூடாது" மாதிரி நெனப்பெல்லாம் யாரும் சொல்லித்தராமலே மனசுல ஊறிக்கெடக்குதுன்னு காட்டியிருப்பாங்க, நம்ம ஊருக்கு ரொம்ப பொருந்துற விஷயம்.

இங்லிஷ்ல எழுதிட்டு தமிழாக்குனீங்கன்னு கதைய பாத்தாலே தெரியுது. தமிழ்ல எழுதும்போது இங்லிஷ்ல இல்லாத ஒரு வேரியபிள் தானா உள்ள வந்துருது. மேனேஜருக்கு "சொன்னார்", செல்விக்கு "சொன்னாள்", ஆண் வெர்ஷன்ல முருகேசனுக்கு "சொன்னார்". அப்ப ஆண் வெர்ஷன்ல திட்டு வாங்குறவருக்கு மரியாதை இருக்கு, பொண்ணு வெர்ஷன்ல இல்ல. இத நீங்க வேணும்னு பண்ணல, ஆனா டேட்டால அது ஆண் பெண் வித்தியாசமா வந்து நிக்கும். எல்லாருக்கும் அவர், சொன்னாங்க, செஞ்சாங்கன்னு ஒரே மாதிரி வச்சிருங்க. திட்டுற வசனத்துல மேனேஜர் நீ வா போன்னு பேசுறாரா நீங்க வாங்கன்னு பேசுறாராங்கறதும் அப்படித்தான், வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுனா உங்க முழு எஃபெக்ட்டும் அந்த ஒரு எழுத்துலயே இருக்கலாம். கேள்விகள தமிழாக்குறதுக்கு பிரிஸ்லின் 1970ல சொன்ன முறை இருக்கு, ஒருத்தர் தமிழாக்கி இன்னொருத்தர் அத பாக்காம திரும்ப இங்லிஷாக்கி ஒப்பிடுறது, ஸ்கேலுக்கு அது போதும். கதைய மட்டும் தமிழ்லயே புதுசா எழுதுங்க.

பேரு வைக்கிறதும் சாதாரண விஷயம் இல்ல. பேர மட்டும் மாத்தி வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பி யாருக்கு கூப்பிடு வருதுன்னு பாத்த ஆராய்ச்சி அமெரிக்காவுல பெர்ட்ரண்ட், முல்லைநாதன் 2004ல, நம்ம நாட்டுல தோரட், அட்டவெல் 2007ல பண்ணிருக்காங்க, பேரு ஒண்ணே போதும், கூப்பிடுறதுல வித்தியாசம் வந்துருது. நம்ம பக்கம் பேர பாத்தா மதம் தெரியும், வயசு தெரியும், சில பேருல சாதியும் குடும்ப வசதியும் தெரியும், இந்த வட்டாரத்துல அத சட்டுனு படிச்சிருவாங்க. ராஜசேகரன்கறது கொஞ்சம் வயசான வசதியான பேரு, செல்வி சாதாரண பேரு, ஏற்கனவே ஒரு மேடு பள்ளம் வந்தாச்சு. ஒரு இருபது முப்பது பேருகள எழுதி இருபது ஆளுகள்ட்ட குடுத்து "இவருக்கு என்ன வயசு இருக்கும், எந்த ஊரு, வசதி எப்படி"ன்னு கேட்டு கிட்டத்தட்ட ஒரே மாதிரி வர்ற பேருகள மட்டும் எடுங்க. இல்லன்னா பேரே வேணாம், "ஹவுஸ்கீப்பிங்ல இருக்கற ஒருத்தர்", "அவங்க சூப்பர்வைசர்" போதும். நான் ரெண்டாவததான் சொல்வேன்.

இப்ப எட்டு வெர்ஷன், 120 பேரு. ஒரு கட்டத்துக்கு, அதாவது ஒரு வெர்ஷனுக்கு, 15 பேரு வருது, இது பத்தவே பத்தாது. கணக்கு எப்படின்னா, ரெண்டே குரூப்ப ஒப்பிட்டு நடுத்தர அளவு வித்தியாசத்த, அதாவது கோஹன் டி (சராசரி வித்தியாசத்த ஸ்டாண்டர்ட் டீவியேஷனால வகுத்த அளவு) 0.5, 80 சதவீத பவரோட (வித்தியாசம் நெஜமாவே இருந்தா அத பிடிக்கிற வாய்ப்பு) கண்டுபிடிக்கவே குரூப்புக்கு 64 பேரு வேணும். வித்தியாசம் சின்னதா 0.2ன்னா கிட்டத்தட்ட 393. உங்களோட முக்கியமான கேள்வி இன்டராக்ஷன், காரணம் சொல்லிட்டா பப்ளிக்கா திட்டுன வலி கொறையுதாங்கறது. காரணம் சொன்னா அந்த வலி முழுசாவே போயிருதுன்னு வச்சுக்கிட்டா கூட கட்டத்துக்கு 128 பேரு, நாலு கட்டத்துக்கு 512. பாதிதான் கொறையுதுன்னா கட்டத்துக்கு 512, மொத்தம் ரெண்டாயிரத்துக்கு மேல. ஒருத்தருக்கு ஒரு கதைன்னு போனா காரைக்குடில இருக்கற ஹோட்டல் எல்லாத்தயும் சேத்தாலும் ஆளு கெடைக்காது. அதனால ஆண் பெண் மாத்துறத விட்டுருங்க, அது ஆசைக்காக சேத்தது, உங்க தியரில அதுக்கு எடமே இல்ல. படிக்கிறவங்க ஆணா பொண்ணான்னு கேட்டு வச்சுக்குங்க, ஆண்களுக்கு ஆண் கதை, பொண்ணுங்களுக்கு பொண்ணு கதை குடுங்க.

மிச்சம் நாலு வெர்ஷன். ஒருத்தருக்கே ஒரே கதையோட நாலு வெர்ஷனையும் குடுத்தா ரெண்டாவது கதைலயே "ஓ, இதத்தான் மாத்துறாங்க"ன்னு பிடிச்சிருவாங்க, அப்பறம் நீங்க எத எதிர்பாக்குறீங்களோ அத சொல்வாங்க, மார்ட்டின் ஆர்ன் 1962லயே இத பத்தி எழுதிட்டாரு, ஆராய்ச்சிக்கு வர்றவங்க நல்ல பேரு வாங்கப் பாப்பாங்கன்னு. நம்ம ஊர்ல வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக்கூடாதுன்னு நெனக்கிற ஜனம், அந்த பழக்கம் ஃபார்ம் நெரப்பும்போதும் இருக்கும்.

அதனால நடுவுல ஒரு வழி. நாலு வேற வேற சம்பவம் எழுதுங்க: ரூம் ரெடியாகாதது, சாப்பாட்டு ஆர்டர் மாத்தி குடுத்தது, ஸ்டாக் நோட்டுல கணக்கு விட்டுப்போனது, வண்டி ஏற்பாடு மறந்தது. ஒவ்வொண்ணையும் நாலு வெர்ஷனா எழுதி வச்சுக்குங்க. ஒரு ஆளு நாலு சம்பவத்தயும் படிப்பாரு, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற கண்டிஷன்ல. மொத செட்டுல ரூம் கதை பப்ளிக்கா காரணத்தோட, ஆர்டர் கதை தனியா காரணம் இல்லாமன்னு இப்படி லேட்டின் ஸ்கொயர்ல (ஒவ்வொரு கதையும் செட்டுக்கு செட்டு வேற கண்டிஷன்ல வர்ற மாதிரி) சுத்தி நாலு செட்டு. வரிசையையும் மாத்துங்க. நடுவுல திட்டே இல்லாத ரெண்டு கதை சொருகுங்க, ஷிஃப்ட் மாத்துனது, தீபாவளி போனஸ் மாதிரி, அப்ப எதுக்கு கேக்குறாங்கன்னு சட்டுனு பிடிபடாது. இதுல ரெண்டு லாபம். ஒருத்தர அவரோடயே ஒப்பிடுறதால கொறஞ்ச ஆளுலயே பவர் வரும். இன்னொண்ணு, ஒரே ஒரு கதைய வச்சு பண்ணா வந்த ரிசல்ட் திட்டுனாலயா இல்ல அந்த கதையோட குணத்தாலயான்னு சொல்லவே முடியாது, வெல்ஸும் விண்ட்ஷிட்லும் 1999ல இததான் சொன்னாங்க. ஆனா நாலு பதில நாலு ஆளு மாதிரி எண்ணி அனோவா (குரூப்புகளோட சராசரிய ஒப்பிடுற சோதனை) போட்டுறாதீங்க, ஒரே ஆளோட பதிலுக எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கும், மல்டிலெவல் மாடல் (ஆளுக்கு ஆளு இருக்கற வித்தியாசத்தையும் தனியா கணக்குல எடுக்கறது) போடணும், ஆள் ரேண்டம், கதை நாலுதான்கறதால ஃபிக்ஸட். எத்தன பேரு வேணும்னு ஆர் (R)ங்கற ஸ்டாடிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல சிமுலேஷன் ஓட்டி பாருங்க, பைலட்ல, அதாவது சின்ன முன்னோட்டத்துல, ஒருத்தரோட பதிலுக எவ்வளவு ஒட்டி வருதுன்னு பாத்து அந்த நம்பர போட்டு ஓட்டுங்க, ஊகத்துல 120ன்னு எழுதாதீங்க.

பைலட்னதும் நீங்க 30 பேர்ட்ட ஃபார்ம் குடுத்து குரோன்பாக் ஆல்ஃபா (ஸ்கேல்ல இருக்கற கேள்விக ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்குற நம்பர்) போடுறதுன்னு நெனச்சிருப்பீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, எனக்கு இதுதான் முழு ஆராய்ச்சிலயும் முக்கியமா படுது. ஹோட்டல்ல வேலை பாக்குற ஒரு பத்து பதினஞ்சு பேர்ட்ட ஒவ்வொருத்தரா ஒக்காந்து கதைய சத்தமா படிக்க சொல்லுங்க, படிக்க வரலன்னா நீங்க படிங்க. முடிச்சதும் கதைய மூடி வச்சிட்டு "என்ன நடந்துச்சு, நீங்க சொல்லுங்க"ன்னு கேளுங்க. அந்த சூப்பர்வைசர் எப்படிப்பட்டவங்க, திட்டு வாங்குனவங்க எத்தன நாளா இருக்காங்க, யாரு பக்கம் தப்பு, அங்க வேற யாரு இருந்தாங்கன்னு கேளுங்க. நீங்க எழுதாத எதையெல்லாம் அவங்க சேத்து சொல்றாங்கன்னு குறிச்சுக்குங்க. அந்த சேத்து சொல்றது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுனா கதைய திருத்தணும், மறுபடி புது ஆளுகள்ட்ட படிக்க குடுக்கணும். சலிக்காம பண்ணுங்க. "இப்படியெல்லாம் இங்க யாரும் பேச மாட்டாங்கம்மா"ன்னு ஒருத்தர் சொன்னா அது ஜர்னல் ரெஃப்ரீ கமெண்ட்ட விட பெருசு, அந்த வசனத்த அவர்ட்டயே கேட்டு மாத்திக்குங்க.

மேனிபுலேஷன் செக் பத்தி. "சூப்பர்வைசர் நியாயமா நடந்துக்கிட்டாரா"ன்னு கேக்காதீங்க, அது உங்க ரிசல்ட்டோட ஒரு பங்கு. "திட்டும்போது அங்க யாரு இருந்தாங்க", "என்ன காரணம் சொன்னாங்க" இப்படி நடந்தத மட்டும் கேளுங்க, அதுவும் முக்கியமான கேள்வியெல்லாம் முடிஞ்சப்பறம். தப்பா சொன்னவங்கள தூக்கலாமான்னா, கூடாது. காரணம் சொல்லாத வெர்ஷன் படிச்சவங்கதான் அதிகமா தடுமாறுனாங்கன்னு வைங்க, அவங்கள மட்டும் தூக்குனா ரேண்டமா பிரிச்சதுக்கே அர்த்தம் இல்லாம போயிரும், மாண்ட்கோமரி, நைஹன், டாரஸ் 2018ல இத நல்லா காட்டியிருக்காங்க. கவனமா படிக்கிறாங்களான்னு பாக்கணும்னா கதைக்கு முன்னாடியே ஒரு கேள்வி வச்சு அதுல தவறுனவங்கள எடுக்கலாம், அந்த விதிய டேட்டா வர்றதுக்கு முன்னாடியே எழுதி ஓஎஸ்எஃப்ல (ஆராய்ச்சித் திட்டத்த முன்கூட்டியே பதிஞ்சு வைக்கிற வெப்சைட்) ரிஜிஸ்டர் பண்ணிருங்க.

பதில் வாங்குறதுல ஒரு சின்ன மாத்தம். "நீங்களா இருந்தா சொல்வீங்களா"ன்னு ஏழு புள்ளி ஸ்கேல்ல கேட்டா தைரியசாலி மாதிரி காட்டிக்க எல்லாரும் ஆறு ஏழு போடுவாங்க. அதோட சேத்து "இந்த நெலமைல பத்து பேரு இருந்தா எத்தன பேரு போய் சொல்வாங்க"ன்னும் கேளுங்க. அடுத்தவங்கள பத்தி சொல்லும்போது ஆளு மனசு விட்டு சொல்வாங்க, பத்துல எத்தனங்கறது படிப்பு கம்மியா இருக்கறவங்களுக்கும் சுலபம். எத போய் சொல்றதுங்கறதையும் கதைக்குள்ள வச்சிருங்க, ரெண்டு நாள் கழிச்சு தண்ணி மோட்டார் ஒழுகுறத அவங்க பாக்குறாங்க, சூப்பர்வைசர்ட்ட சொல்வாங்களான்னு. பொதுவா கருத்து சொல்வீங்களான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு நெனச்சுக்குவாங்க.

கூகுள் ஃபார்ம் வேணாம். லிங்க் குடுத்தா ஹோட்டல் வாட்ஸ்அப் குரூப்புக்கு போகும், அந்த குரூப்புல முதலாளியும் இருப்பாரு, அப்ப திட்டு பத்தி யாரு நெஜத்த சொல்வாங்க? அதோட ஒருத்தர் ஃபோன்ல மூணு பேரு நெரப்புவாங்க. நாலு செட்டயும் பிரிண்ட் எடுத்து ஒரே மாதிரி கவர்ல போட்டு கலைச்சு வச்சு, அடுத்து வர்றவருக்கு அடுத்த கவர்னு குடுங்க. ஒரு ஹோட்டலுக்கு ஒரு செட்டுன்னு குடுத்துறாதீங்க, அப்ப ஹோட்டலும் கண்டிஷனும் ஒண்ணாகிரும். ஒரு எடத்துல ஒரே நாள்ல முடிங்க, மறுநாள் போனா நேத்து என்ன கதை வந்துச்சுன்னு பேசி வச்சிருப்பாங்க. முதலாளிட்ட அனுமதி வாங்குங்க, ஆனா மேனேஜர் ரூம்ல ஒக்கார வச்சு நெரப்ப வைக்காதீங்க, வேலை முடிஞ்சு வெளிய ஒரு எடத்துல வைங்க. யாரு என்ன எழுதுனாங்கன்னு முதலாளிக்கு தர மாட்டேன்னு அனுமதி வாங்கும்போதே எழுதி, அதுல அவர் கையெழுத்தும் வாங்கிக்குங்க, பேரு, ஃபோன் நம்பர் எதுவும் ஃபார்ம்ல இருக்கக்கூடாது. சின்ன ஹோட்டல்ல வயசும் டிபார்ட்மென்ட்டும் சேத்து போட்டாலே ஆள கண்டுபிடிச்சிரலாம், வயச அஞ்சு அஞ்சா, பத்து பத்தா குரூப் பண்ணி கேளுங்க. யுனிவர்சிட்டி எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாம ஒரு கவர் கூட வெளிய போகக்கூடாது. திட்டு கதை படிச்சு பழசு ஞாபகம் வந்து ஒருத்தர் கண்கலங்கினா நிறுத்திட்டு கூட இருங்க, அந்த ஃபார்ம் போனா போகுது.

கடைசியா கைடு சொன்னது. அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, அத ஒத்துக்கிட்டே பேசுங்க. கதை படிச்சு சொல்றது நோக்கம், நடத்தை கெடையாது. ஆனா கொஸ்டினேர்ல மட்டும் என்ன, உங்க சூப்பர்வைசர் திட்டுவாரா, நீங்க வாய் தொறந்து பேசுவீங்களான்னு ஒரே ஆள்ட்ட ஒரே நாள்ல கேட்டு கோரிலேஷன் போட்டா, திட்டுனதால பேசலையா, பேசாததால திட்டுறாரா, அன்னிக்கு அவருக்கு மனசு சரியில்லையான்னு எதுவும் தெரியாது. விக்னெட்ல காரணம் எதுன்னாவது தெரியும். நெஜத்துக்கு எவ்வளவு பக்கம்னு கேட்டா ஹைன்முல்லர், ஹாங்கார்ட்னர், யமமோட்டோ 2015ல சுவிட்சர்லாந்துல பண்ணத காட்டுங்க. அங்க சில ஊர்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு குடியுரிமை குடுக்கலாமான்னு ஊரே ஓட்டு போட்டிருக்கு, அந்த நெஜ ஓட்டையும் கற்பனை விண்ணப்பங்கள வச்சு வாங்குன பதிலையும் ஒப்பிட்டாங்க. எல்லா டிசைனும் ஒரே மாதிரி வரல, ஆனா ரெண்டு விண்ணப்பத்த பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்ட டிசைன் நெஜத்துக்கு ரொம்பவே கிட்ட வந்துச்சு. டிசைன் ஒழுங்கா இருந்தா கற்பனைக் கதையும் பேசும்னு அவர்ட்ட சொல்லலாம்.

அவர் கேக்குற கொஸ்டினேரையும் சேத்தே பண்ணிருங்க, ஆனா வேற ஆளுகள்ட்ட, தனி ஸ்டடியா. ரெண்டும் ஒரே பக்கம் காட்டுனா உங்க தீசிஸ் பலமா நிக்கும், மாறி காட்டுனா ஏன்னு ஒரு சாப்டரே எழுதலாம். தலைப்புல மட்டும் "வேலைக்காரங்க பேசுறாங்க"ன்னு போடாதீங்க, "பேச முன்வர்றத பத்தின கணிப்பு"ன்னு போடுங்க, வைவால பாதி கேள்வி அப்பவே கொறஞ்சிரும். கதைகள திருத்தி, படிச்சு காட்டி எடுத்த நோட்ஸோட எனக்கு அனுப்புங்க, நாலு செட்டயும் பிரிண்ட்டுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒருதடவ பாத்து தர்றேன்.